அடுப்படி அளவோடு சந்தைக்குப் போங்கள்

கோலாலம்பூர் தளவாடக் கண்காட்சிக்குப் போய்வந்த ஆண்களை எனக்குப் பார்த்தவுடன் தெரியும். ஒரு வாரத்துக்குக் கைத்தொலைபேசியைக் கீழே வைக்க மாட்டார்கள். கைப்பிடியே இல்லாத கேபினட், தள்ளினால் சத்தமில்லாமல் தானாக மூடிக்கொள்ளும் இழுப்பறை, சமையலறை நடுவில் தீவு மாதிரி ஒரு மேடை, அதைச் சுற்றி உயர நாற்காலிகள் என்று படம் படமாகத் தள்ளிக் காட்டுவார்கள். "இதுதாம்மா இப்போ டிரெண்டு" என்பான் என் மகன். சுங்கை பட்டாணியில் கேபினட் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு அது பிழைப்பு. நானோ கெடாவில் யான் என்ற ஊரில் முன்னால் வயலும் பின்னால் ஜெராய் மலையுமாக உட்கார்ந்திருக்கிற கிழவி. படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பேன்: "இந்த மேடையில நின்னு யாருப்பா சமைக்கப் போறா?" பதில் வராது. அதனால் ஒரு மார்ச் மாதம் நானும் அவனோடு கிளம்பிவிட்டேன்.

சுங்கை பட்டாணியிலிருந்து மின்ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2015இல் இந்த ரயில் பாடாங் பெசார் வரை வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்குத் தலைநகரம் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. முன்பெல்லாம் இராத்திரி பஸ்ஸில் முதுகு கழன்றுவிடும்.

மிஃப் என்று சுருக்கிச் சொல்கிற மலேசிய அனைத்துலகத் தளவாடக் கண்காட்சி 1995இல் தொடங்கியது. 2018இலிருந்து பழைய புத்ரா உலக வாணிப மையத்தோடு, ஜாலான் டூத்தாமாஸில் புதிதாகக் கட்டிய மைடெக்கும் சேர்ந்து, 100,000 சதுர மீட்டர் இடத்தில் நடக்கத் தொடங்கியது. நடந்தே கால் ஓய்ந்துவிடும். நம் ஊர் பாசார் மாலாம் போல நினைத்து யாரும் போக வேண்டாம். அங்கே ஒரு நாற்காலியை விலை பேசி வாங்கிக்கொண்டு வர முடியாது. கன்டெய்னர் கணக்கில் ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு வியாபாரிகளுக்காக விரித்த கடை அது. ஜூலையில் நடக்கிற ஆர்கிடெக்ஸ் இன்னொரு வகை. மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கத்தோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்துகிறார்கள். சமையலறைச் சாமான், தரை ஓடு, விளக்கு, குழாய் என்று வீட்டின் உள்பக்கம் முழுவதும் அங்கே இருக்கும்.

இதற்கெல்லாம் தாய் வீடு இத்தாலியில் இருக்கிறது. மிலான் நகரத் தளவாடச் சந்தை 1961இல் தொடங்கியது. அதற்குள்ளேயே சமையலறைக்கென்று யூரோகுச்சினா என்ற தனிச் சந்தை 1974இல் வந்தது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மிலானில் இந்த வருஷம் கறுப்புக் கேபினட் என்றால், கொஞ்ச நாளில் கோலாலம்பூரில் கறுப்புக் கேபினட், அதற்குப் பிறகு எங்கள் தாமானில் மூன்றாவது வீட்டில் கறுப்புக் கேபினட். அதற்குள் மிலானில் வெள்ளைக்கு மாறியிருப்பார்கள்.

என் மகன் புதுக் கீலையும் இழுப்பறைத் தண்டவாளத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நான் ஒரு சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெளிர் மஞ்சள் நிறம். மெல்லிய கோடுகள். தடவினால் வழவழப்பு. கடையில் நின்ற சீன இளைஞரிடம் என்ன மரம் தம்பி என்று மலாயில் கேட்டேன். "கயூ கெத்தா, ஆன்ட்டி" என்றார்.

கித்தா மரம்! ரப்பர் மரம்! பால் வெட்டிப் பால் வெட்டி எங்கள் குடும்பத்துக்கே கை காய்த்துப் போன மரம். சுற்றிப் பார்த்தால் அந்தக் கூடத்தில் பாதிக்கு மேல் அதுதான். அமெரிக்காவுக்குப் போகிற சாப்பாட்டு மேசையும் நாற்காலியும், ஜப்பானுக்குப் போகிற அலமாரியும், கேபினட் கதவும் கித்தா மரம். மலேசியா வெளிநாட்டுக்கு அனுப்புகிற மரத்தளவாடத்தில் பெரும்பகுதி இந்த மரத்தால் ஆனது என்பது வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்குப் பழைய செய்தி. எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் பிறந்தது ஜெராய் மலைக்குத் தெற்கே, பீடோங் பக்கத்துத் தோட்டத்து லயத்தில். அம்மா நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போவதற்குள் சோறும் குழம்பும் தூக்குச்சட்டியில் இருக்க வேண்டும். அந்த அடுப்பில் எரிந்ததெல்லாம் கித்தா விறகுதான். ஸ்டோரில் பால் ஷீட்டுக்குப் புகை போட்டதும் அதே விறகு. பால் வற்றிய மரத்துக்கு வேறு என்ன மரியாதை? இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுக்கும்; அதற்குப் பிறகு மறுநடவு. மலையடிவாரத்தில் நஞ்சு பூசி நின்ற இடத்திலேயே சாகடித்த மரங்கள் உண்டு. வெட்டிக் குவித்து, காடு முழுக்கப் புகையாக எரித்ததும் உண்டு. எங்களுக்கு அது விறகு, துரைக்கு அது குப்பை.

வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்த விறகிலிருந்து கொஞ்ச நாளில் மாவு கொட்டும். மஞ்சள் நிறத்தில், சலித்த கடலை மாவு மாதிரி. காலையில் கூட்டித் தள்ளுவது என் வேலை. ஏன் கொட்டுகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பூச்சி அரிக்கிறது, அவ்வளவுதான்.

கெப்போங்கில் இருக்கிற வன ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் கேட்டார்கள். கித்தா மரத்துக்குள் மாவுச்சத்து அதிகம். பூச்சி அதைத் தின்னத்தான் வருகிறது. வெட்டிப் போட்டால் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். அதனால் வெட்டிய கையோடு அறுக்க வேண்டும். அறுத்த பலகையை இரும்பு உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி, போரான் கலந்த நீரை அழுத்தத்தோடு உள்ளே ஏற்ற வேண்டும். பிறகு சூளை அறையில் வைத்துப் பக்குவமாக உலர்த்த வேண்டும். இவ்வளவுதான் சூட்சுமம். 1970களின் இறுதியிலும் 1980களிலும் இது ஆலைகளுக்கு வந்தது. காட்டு மரம் குறைந்துகொண்டே வந்த காலம் அது. வெளிநாட்டுக்காரர் இந்த வெளிர் நிறத்தைப் பார்த்து மயங்கினார். ஜொகூரில் மூவார் நகரமே தளவாடத் தலைநகரம் என்று பேர் வாங்கியது. தூளும் துண்டுமாகப் போன மிச்சத்தை அரைத்து எம்.டி.எஃப் பலகையாக அழுத்துகிற ஆலைகள் எங்கள் கெடாவிலும் வந்தன. 2017இல் அரசாங்கம் அறுத்த கித்தாப் பலகையை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று தடை போட்டது. உள்ளூர்த் தளவாடக்காரருக்கே போதவில்லையாம்.

இந்த மரம் இங்கே வந்த கதை பழையது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 கித்தா விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த வருஷம் அதில் முளைத்த 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, சில பேராக் கோலக்கங்சாரில் ஊன்றப்பட்டன. அன்று தொடங்கி நூறு வருஷம், இந்த மரத்துக்குத் தோல் மட்டும்தான் உண்டு என்பதுபோல எல்லாரும் நடந்துகொண்டார்கள். துரைமார் படித்தவர்கள், கிராணிமார் கணக்குத் தெரிந்தவர்கள், நாங்கள் மரத்தோடு மரமாக நின்றவர்கள். யாருக்கும் அந்த மாவு ஒரு கேள்வியாகப் படவில்லை. கையில் இருப்பதன் அளவு தெரியாவிட்டால் நல்ல பலகையை அடுப்பில் வைப்போம். பிறகு அதையே பாலிஷ் போட்டு விற்கும்போது வாயைப் பிளந்து விலை கேட்போம்.

இந்த மரத்தால் லாபம் பார்த்தவர்கள் பட்டியலில் பால் வெட்டியவர்கள் இல்லை. தோட்டம் செம்பனையாகவோ தாமானாகவோ மாறியபோது வேலை போனது. வேலை போனதும் லயத்து வீடும் போனது. அதைப் பற்றி எழுத வேண்டியதை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சமையலறைக்கே திரும்புகிறேன்.

ஏனென்றால் கையில் இருப்பதன் அளவு தெரியாமல் செய்த அதே காரியத்தைத்தான் நாம் இப்போதும் அடுப்படியில் செய்துகொண்டிருக்கிறோம். நமக்கு என்ன வேண்டும் என்று நம் வீட்டை அளக்காமல் ஊரான் அளவைக் கொண்டுவந்து மாட்டுகிறோம்.

கண்காட்சியில் ஒரு சமையல் மேடைக்கு முன்னால் போய் நின்றேன். மேடை என் வயிற்றைத் தாண்டி மேலே வந்தது. வழக்கமாக இவற்றை 90 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செய்கிறார்கள். நான் ஐந்தடி. அந்த மேடையில் அடுப்பை வைத்து, அடுப்பின் மேல் பிரியாணிச் சட்டியை வைத்தால், உள்ளே என்ன வேகிறது என்று பார்க்க எனக்கு முக்காலி வேண்டும். முழங்கையை மடக்கி நின்றால் அது இருக்கிற உயரத்துக்கு 10, 15 சென்டிமீட்டர் கீழே மேடை இருக்க வேண்டும். தோள் வலிக்காமல் காய் நறுக்க இதுதான் கணக்கு. மாவு பிசைகிற இடம் இன்னும் தாழ. பாத்திரம் கழுவுகிற தொட்டி மட்டும் கொஞ்சம் உயரலாம். தாழ்ந்தால் இடுப்பு ஒடியும். இதை என் மகனிடம் சொன்னேன். "அம்மா, எல்லாருக்கும் ஸ்டாண்டர்டு சைஸ்தான்" என்றான். "யாரோட ஸ்டாண்டர்டுடா?" என்றேன்.

இப்படி வரிசையாகச் சுவரோடு பொருத்துகிற சமையலறை முதலில் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரு பெண்ணிடம் போய் நிற்கிறோம். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஆஸ்திரியாவின் கட்டடக் கலைஞர். 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வரைந்தார். அகலம் இரண்டு மீட்டர்கூட இல்லை, நீளம் மூன்றரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியில் அந்தச் சின்ன இடத்தில் எப்படி அத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்று பார்த்து, பெண் எத்தனை எட்டு நடக்கிறாள், எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்து எண்ணினார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் அலுமினியத் தொட்டிகள், பெயர் எழுதி. மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி, புழு வராமல் இருக்க. உட்கார்ந்து நறுக்க ஒரு சுழல் முக்காலி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. அதை வரைந்த காலத்தில் அந்த அம்மாவுக்குச் சமைக்கவே தெரியாது. அவரே பிற்காலத்தில் சொன்னதுதான். 1897இல் பிறந்து 2000 வரை இருந்தவர், ஒளிக்க அவருக்கு என்ன இருக்கிறது? சமைக்கத் தெரியாதவர் அளந்தார், அதனால் சரியாகச் செய்தார். சமைக்கத் தெரிந்த நாம் அளக்காமல் வாங்குகிறோம்.

அவருடைய சமையலறையிலும் குறை உண்டு. ஒருவர்தான் நிற்கலாம். மகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கவோ, மாமியாரும் மருமகளும் சேர்ந்து வேலை செய்யவோ இடம் இல்லை. ஒரு பெண்ணை ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டதாகப் பின்னால் வந்த பெண்களே குறைபட்டார்கள். நம் வீட்டில் அது ஒரு நாளும் ஆகாது. தீபாவளிக்கு முறுக்குப் பிழிய நாலு பேர் வேண்டும். அதிலும் இரண்டு பேர் தரையில் உட்காருவார்கள். புதிதாகக் கட்டுகிற கேபினட்டுகளில் தரையில் உட்கார இடம் விட்டவர் யாரையும் நான் அங்கே பார்க்கவில்லை. அரிவாள்மனை போட இடம் இல்லாத சமையலறையை நான் சமையலறை என்று ஒப்புக்கொள்வதில்லை. இது கிழவியின் பிடிவாதம் என்று விட்டுவிடுங்கள்.

மலேசியாவில் நாம் செய்கிற கூத்து இன்னொன்று. தாமான் வீட்டில் பின்பக்கம் நீட்டிக் கட்டி, வெட் கிச்சன், டிரை கிச்சன் என்று இரண்டு. யோசனை நல்ல யோசனை. தாளிக்கிற புகையும் கருவாட்டு வாடையும் வீட்டுக்குள் வராது. ஆனால் பணம் எங்கே போகிறது? முன்னால் இருக்கிற டிரை கிச்சனுக்கு இறக்குமதிக் கீல், குவார்ட்ஸ் மேடை, மேலே தொங்கும் விளக்கு. அங்கே காலையில் பசியாற மைலோ கலக்குவார்கள், அவ்வளவுதான். நாள் முழுக்க அம்மா நிற்கிற பின்பக்கத்தில் பழைய மேசை, ஒரு தகரக் கூரை, சூடு. நான் சொல்வது, காசைத் திருப்பிப் போடுங்கள். பின்பக்கம் நல்ல காற்றோட்டம், மழைச்சாரல் அடிக்காத கூரை, வெளிச்சம். புகை உறிஞ்சி வாங்கினால் குழாய் வைத்துப் புகையை வெளியே தள்ளுகிறதா என்று கேளுங்கள். வடிகட்டி மட்டும் வைத்து வீட்டுக்குள்ளேயே காற்றைச் சுற்றி விடுகிற வகை உண்டு. மிளகாய் வறுத்தால் அது நமக்கு முன்னால் தும்மும்.

குவார்ட்ஸ் மேடையை முழுக் கல் என்று நினைக்க வேண்டாம். கல் தூளோடு பிசின் கலந்து அழுத்தியது. அடுப்பிலிருந்து இறக்கிய இருப்புச்சட்டியை நேரே வைத்தால் தடம் விழும், விரிசலும் விடும். வெள்ளை நிறம் வாங்கி அதில் மஞ்சள் தூளைக் கொட்டிவிட்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும். அதே போல் சிப்போர்டு. தண்ணீர் பட்டால் ஊறி உப்பும். தொட்டிக்குக் கீழே அதை வைத்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது. கெடாவின் ஈரத்துக்கும் கரையானுக்கும் பின்பக்கச் சமையலறையில் அலுமினியமோ, ஓடு பதித்த செங்கல் மேடையோதான் நிற்கும். பதப்படுத்திய கித்தா மரம் கதவுக்கும் மேசைக்கும் நன்றாக இருக்கும், ஆனால் தொட்டிக்கடியில் வைக்கச் சொல்லமாட்டேன். கித்தா மரத்தின் மேல் எனக்கு எத்தனை பாசம் இருந்தாலும் ஈரத்துக்கு அது பயப்படும்.

இவ்வளவு சொன்னதற்காக நான் கண்காட்சிக்கு விரோதி என்று நினைக்க வேண்டாம். இழுத்தால் முழுசாக வெளியே வருகிற இழுப்பறையைப் பார்த்தபோது எனக்கே கண் விரிந்தது. குனிந்து, உள்ளே தலையை விட்டு, பின்னால் இருக்கிற குண்டானை எடுக்கிற தொல்லை இனி இல்லை. முட்டி தேய்ந்தவர்களுக்கு அது வரம். விளக்கு வைத்த அலமாரியைவிட அந்த இழுப்பறைக்குக் காசு கொடுக்கலாம் என்று மகனிடம் அங்கேயே சொன்னேன். ஆர்டர் போட்டான்.

தூர தேசத்துச் சரக்கைப் பார்க்கப் போவது எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. ஜெராய் மலை உச்சியைக் குறி பார்த்துத்தான் அந்தக் காலத்துக் கப்பல்கள் கடாரம் என்ற பழைய கெடாவுக்கு வந்தன. மெர்போக்கில் இருக்கிற புஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போனால் சீனப் பீங்கானும் பாசிமணிகளும் கிடக்கின்றன. அவையெல்லாம் வாங்கவும் விற்கவும் வந்தவர்கள் விட்டுப்போனவை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த ஆற்று முகத்தில் ஒரு பெண் சீனக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, இதில் நம் குழம்பு எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த மார்ச்சிலோ ஜூலையிலோ கோலாலம்பூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேபினட் போட நினைத்திருப்பவர்களும், என் மகன் மாதிரிக் கடை வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். போவதற்கு முன்னால் வீட்டில் சமைக்கிறவரை நிற்க வைத்து முழங்கை உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள பெரிய சட்டியின் அகலத்தையும் கிரைண்டரின் உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தப் பெண்ணையே அழைத்துக்கொண்டு போங்கள். ரயிலில் ஒரு சீட்டு கூடுதலாக எடுக்கிற செலவு, மாட்டிய கேபினட்டைக் கழற்றுகிற செலவைவிட மிகக் குறைவு.